மலையிறங்கும் முன்பே ஆயத்தம் வேண்டும்

(போடிநாயக்கனூரில் ஏலத்தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



நோய் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும், கையில் எதை எடுத்துச் செல்ல வேண்டும், அங்கே எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதைத்தான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் இந்தச் சின்ன விஷயத்தில் எத்தனை உயிர்கள், எத்தனை குடும்பங்களின் நகைநட்டு, எத்தனை வருஷத்துக் கடன் அடங்கியிருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சர்க்கார் ஆஸ்பத்திரி என்பது நமக்கு யாரோ இரங்கிப் போடும் பிச்சையல்ல. அது நமது வரிப்பணத்தில் நடப்பது, நமது உரிமை. ஆனால் உரிமை தானாக நடந்து வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டாது. அதைக் கைப்பற்ற ஆயத்தம் வேண்டும். அந்த ஆயத்தத்தை ஒரு குடும்பம் தனியாகச் செய்து முடிக்க முடியாது. கூட்டாகத்தான் செய்ய முடியும். இதுதான் இன்றைய பேச்சின் சாரம்.

தாமதம் எங்கே பிறக்கிறது?

போடியிலும் தேவாரம், கோம்பை, கம்பம் வட்டாரங்களிலும் விடியுமுன் எழுந்து, சோற்றுத் தூக்குடன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மெட்டுப் பாதை வழியாக இடுக்கி மலைத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் நீங்கள். பொழுது சாயும் வேளையில் அதே ஜீப்பில் இறங்குகிறீர்கள். போகாத நாளுக்குக் கூலி கிடையாது. சட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் தினக்கூலியின் நடைமுறை இதுதான்.

ஆகவே வயிற்றில் வலி என்றாலும், மாதவிலக்கில் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றாலும், மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டாலும் நம் தாய்மார்கள் என்ன சொல்கிறார்கள்? “இந்தக் காய் எடுப்பு முடியட்டும்” என்கிறார்கள். ஏலத்தில் காய் எடுப்பு ஒரே மூச்சில் முடிகிற வேலையா? ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று வருகிறது. ஆடி, ஆவணியில் தொடங்கினால் தை, மாசி வரையில் இழுக்கிறது. அதற்குள் மாத்திரையில் தீர வேண்டிய நோய் ஆபரேஷனில் வந்து நிற்கிறது. ஆபரேஷனில் தீர வேண்டியது அதற்கும் அப்பால் போய்விடுகிறது.

இதை அறியாமை என்று சிலர் சொல்வார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். இது கூலி முறை செய்கிற வேலை. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ம் ஆண்டில் இயற்றப்பட்டது. தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தருவது தோட்ட முதலாளியின் கடமை என்று அது கூறியது. ஆனால் ஆதியில் தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனாத் தோட்டங்களோடு அது நின்றுவிட்டது. ஏலத்தோட்டம் பெயர் சொல்லிச் சேர்க்கப்படுவதற்கு 1981-ம் ஆண்டுத் திருத்தம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்கள் அதன் வரம்புக்கு வெளியே நின்றன. இன்று அந்தச் சட்டமே 2020-ம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. காலையில் ஏறி மாலையில் இறங்கும் தினக்கூலிக்கு முதலாளியின் வைத்திய வசதி என்பது ஏட்டளவில்தான். எனவே நாம் நம்ப வேண்டிய கதவு சர்க்கார் ஆஸ்பத்திரியின் கதவுதான்.

அந்தக் கதவுகள் எவை என்பதை வரிசையாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம். அடுத்து போடி அரசு ஆஸ்பத்திரி. அதற்கும் மேலே, தேனியைத் தாண்டி க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அந்தக் கல்லூரி 2004-ல் வந்தது. அதற்கும் மேலே மதுரைப் பெரியாஸ்பத்திரி; எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று முன்பு பெயர் பெற்றிருந்த இன்றைய ராஜாஜி ஆஸ்பத்திரி. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு அனுப்பும்போது தருகிற சீட்டும், அதுவரை எடுத்த பரிசோதனைத் தாள்களும் உங்களோடு போக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்கு விலை, இரண்டு நாள் கூலி.

ஒரு துணிப்பை, சில காகிதங்கள்

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துணிப்பை இருக்கட்டும். நோய் வந்த பிறகு தேடுவதற்கல்ல, நோய் வருமுன்பே கட்டி வைப்பதற்கு.

அதில் குடும்ப அட்டையின் நகல், ஆதார் நகல், காப்பீட்டுத் திட்ட அட்டை ஆகியவை இருக்க வேண்டும். பழைய மருந்துச் சீட்டுகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், முன்பு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சுருக்கச் சீட்டு, இவை எல்லாம் தேதிவாரியாக இருக்க வேண்டும். தினமும் சாப்பிடுகிற மாத்திரைகளை அவற்றின் அட்டையோடு போட்டு வையுங்கள். “வெள்ளை மாத்திரை, சின்னதாக இருக்கும்” என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் விளங்காது.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2012-ல் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷ வருமான வரம்பு ஒரு காலத்தில் ரூ.72,000-ஆக இருந்தது. பின்னால் அது ரூ.1,20,000-ஆக உயர்த்தப்பட்டது. தினக்கூலிக் குடும்பங்களில் பெரும்பாலானவை இதற்குள் வரும். ஆனால் அட்டை வாங்க வருமானச் சான்று வேண்டும். குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் பெயரும் வயதும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் “முத்தம்மாள்”, மற்றொன்றில் “முத்தம்மா” என்றிருந்தால் போதும், ஆபரேஷன் தேதி தள்ளிப்போவதற்கு! இந்தத் திருத்தத்தை உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்து முடியுங்கள்.

இன்னொன்று. காப்பீட்டு அட்டை கையிலிருந்தால் எந்தத் தனியார் ஆஸ்பத்திரியிலும் எல்லாச் சிகிச்சையும் இலவசம் என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள சிகிச்சையாக இருக்க வேண்டும். முன் அனுமதி வர வேண்டும். படுக்கையில் சேருமுன் இந்த மூன்றையும் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் பதில் பில்லாக வரும். அந்தப் பில்லைக் கட்டக் கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்க நேரும்.

டாக்டரிடம் மறைக்காதீர்கள்

சர்க்கார் ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம். ஒரு டாக்டர் நம்மிடம் பேசக் கிடைப்பது சில நிமிஷங்கள்தான். அந்தச் சில நிமிஷங்களுக்கு நாம் ஆயத்தமாகப் போக வேண்டும். என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்ற நான்கு விஷயங்களைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, வலிப்பு, இழுப்பு இருந்தால் சொல்லுங்கள். முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வெற்றிலை புகையிலை, பீடி, குடி எதையும் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

முக்கியமாக, செய்கிற வேலையைச் சொல்லுங்கள். “கூலி வேலை” என்று மட்டும் சொன்னால் போதாது. ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலையா, மருந்தடித்த செடியில் காய் எடுக்கிற வேலையா, ஸ்டோரில் புகையும் சூடும் தாங்கிக் காய் உலர்த்துகிற வேலையா? ஏலத்துக்குப் பூச்சிமருந்து ஏராளமாக அடிக்கப்படுகிறது. தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல், கை நடுக்கம், மூச்சிரைப்பு இவற்றோடு ஒருவர் வந்தால், அவர் எந்த வேலையிலிருந்து வந்தார் என்பது தெரிந்தால்தான் டாக்டர் சரியான பக்கம் யோசிப்பார்.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தால் ரத்தம் குறைவாக இருக்கிறதா என்று கேளுங்கள். நம் பெண்களில் பலருக்கு ரத்தசோகை உண்டு. இரும்புச்சத்து மாத்திரை சுகாதார நிலையத்தில் இலவசம். டாக்டர் சொன்னபடி அதை முன்கூட்டியே சாப்பிட்டு வந்தால் தேதி தள்ளிப்போவது குறையும். ரத்தம் தேவைப்படும் என்றால் கொடுப்பதற்கு ஆள் முன்பே தயாராக இருக்கட்டும். 18 வயது நிறைந்த, 45 கிலோவுக்குக் குறையாத, ஆரோக்கியமான எவரும் கொடுக்கலாம். ஆண் 3 மாதத்துக்கு ஒரு முறையும் பெண் 4 மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். காசுக்கு ரத்தம் விற்பது 1998 முதல் நாடு முழுவதும் தடுக்கப்பட்டிருக்கிறது. அப்படி எவராவது பேரம் பேச வந்தால் விரட்டியடியுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் பட்டினி இருக்கச் சொல்வார்கள். பொதுவாகச் சோறு, பலகாரம் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தப்பட வேண்டும். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று அங்கே சொல்வார்கள். “வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது?” என்று பாசத்தால் ஒரு பன்னும் காப்பியும் கொடுத்துவிடுகிற உறவினர்கள் உண்டு. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே ஏறி நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை மாத்திரையும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் அன்று காலையில் சாப்பிடலாமா, கூடாதா என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூக்குத்தி, வளையல், மெட்டி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

விபத்தும் விஷமும்

சொல்லிக்கொண்டு வருகிற நோய்க்கு இவ்வளவு ஆயத்தம் என்றால், சொல்லாமல் வருவதற்கு?

மருந்தடிக்கும்போது ஒருவர் மயங்கி விழுந்தால், நனைந்த உடையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே கொண்டுபோங்கள். கூடவே அந்த மருந்து டப்பாவையும் கொண்டுபோங்கள். டப்பாவில் முக்கோண நிறம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியில் பச்சை. அந்த டப்பாவில் அச்சிட்ட மருந்தின் பெயர் டாக்டருக்கு அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தும். “டப்பா தோட்டத்துச் சொத்து” என்று எவராவது தடுத்தால், “உயிர் எங்கள் சொத்து” என்று சொல்லி எடுத்து வாருங்கள்.

பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, ஆளை நடக்க விடாமல், விஷமுறிவு ஊசி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே கொண்டுபோங்கள். மந்திரிப்பவர் வீட்டில் கழிக்கிற நேரம் திரும்பக் கிடைக்காத நேரம்.

மெட்டுப் பாதையில் ஜீப் விபத்து நேர்ந்தால், எந்த மாநிலம் என்று பார்க்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு முதலில் போங்கள். 108 எண் தமிழ்நாட்டிலும் உண்டு, கேரளத்திலும் உண்டு. போடிமெட்டுக்குக் கீழே தமிழ்நாட்டு எல்லைக்குள் நேர்ந்த விபத்தானால், 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட “இன்னுயிர் காப்போம்” திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை, குறித்த தொகை வரையில், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் இலவசம். இதை ஜீப் ஓட்டுகிற தோழர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அங்கே போனதும் மறக்கக்கூடாத விஷயம் ஒன்று உண்டு. எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். “வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல், செலவைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று கங்காணியோ தோட்டக்காரரோ காதில் ஓதுவார். அதற்கு இணங்காதீர்கள்! வேலைக்குப் போகும்போது, இந்த இடத்தில், இந்த நேரத்தில் என்று நடந்ததை நடந்தபடி விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்து, அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு நஷ்டஈடு கேட்கப் போகும்போது நம் கையில் இருக்கிற முதல் சாட்சி அந்தத் தாள்தான். 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், வேலையோடு தொடர்பு நிரூபிக்கப்பட்டால், வேலைக்குப் போய்வரும் வழியில் நேர்ந்த விபத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பதிவேட்டில் பொய் ஏறிவிட்டால் எந்தச் சட்டம் வந்து நம்மைக் காப்பாற்றும்?

கையெழுத்துக்கு முன்னால்

ஆபரேஷனுக்கு முன் ஒரு தாளில் கையெழுத்தோ கைநாட்டோ கேட்பார்கள். அது வெறும் சடங்கல்ல. என்ன நோய், என்ன செய்யப்போகிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா, எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது என்ற ஐந்து கேள்விகளையும் கேட்டு, பதில் விளங்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.

தில்லியில் சமீரா கோலி என்ற பெண்மணி 1995-ல் ரத்தப்போக்குக்காக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். பரிசோதனைக்கென்று மயக்க மருந்து கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் கிடக்கும்போதே வெளியில் இருந்த தாயாரிடம் ஒப்புதல் வாங்கி, கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவர் வழக்காடினார். பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் ஆபரேஷனுக்கு ஒப்புதல் ஆகாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது நோயாளிக்குப் பதிலாகத் தாய் ஒப்புதல் தருவதும் செல்லாது என்று 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

இதை நம் தாய்மார்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். “கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது, வேலைக்கு ஒழுங்காகப் போகலாம்” என்ற பேச்சு நமக்குள்ளேயே நடமாடுகிறது. உண்மையில் தேவை என்றால் செய்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது உங்கள் உடம்பு. முடிவு உங்களுடையது. புருஷனோ மாமியாரோ போடுகிற கையெழுத்தல்ல, நீங்கள் கேட்டு விளங்கிக்கொண்டு போடுகிற கையெழுத்துதான் செல்லும்.

வீடு திரும்பிய பிறகு

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிற நாளில் எல்லோருக்கும் அவசரம். சுருக்கச் சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். எந்த மாத்திரை எத்தனை நாள், தையல் பிரிக்க எப்போது வர வேண்டும், என்ன அறிகுறி கண்டால் உடனே ஓடிவர வேண்டும் என்பதை நர்ஸிடம் கேட்டு, நீங்களே ஒருமுறை திரும்பச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மேல்சிகிச்சைக்கு மதுரை போக வேண்டியவர்களுக்கு, 2010-ன் முடிவில் நிறுத்தப்பட்டு 2023 ஜூனில் மீண்டும் போடி வரையில் வந்த ரயில் ஓர் உதவி. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிறவருக்கும் கூடப் போகிறவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்குரிய சான்றை ஆஸ்பத்திரியில் கேட்டுப் பெறுங்கள்.

பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர் பத்தே நாளில் மறுபடி ஜீப்பில் ஏறுவதை நாம் பார்க்கிறோம். குலுக்கலில் தையல் பிரிந்தால் யார் பொறுப்பு? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டும். அதனால்தான் இதைக் கூட்டாகச் செய்ய வேண்டும் என்கிறோம்.

ஒரு ஜீப், ஒரு குழு

1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்பவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். அவரை ஒன்றன் பின் ஒன்றாகப் பல சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்குத் தூக்கிச் சென்றார்கள். ஓரிடத்தில் வசதி இல்லை, மற்றோரிடத்தில் படுக்கை இல்லை. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சுமார் ரூ.17,000 செலவாயிற்று. அவர் அங்கத்தினராக இருந்த விவசாயத் தொழிலாளர் சங்கம் அவரைக் கைவிடவில்லை. அவருடன் சேர்ந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அவசரச் சிகிச்சை தராமல் திருப்பி அனுப்புவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தருகிற உயிர் வாழும் உரிமையை மீறுவது, பணமில்லை என்று சர்க்கார் தட்டிக்கழிக்க முடியாது என்று 1996 மே மாதம் தீர்ப்பு வந்தது. அவருக்கு ரூ.25,000 நஷ்டஈடும் கிடைத்தது. இன்று இந்த நாட்டில் எந்த ஏழையும் அந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டலாம். ஒரு தொழிலாளியின் பின்னால் ஒரு சங்கம் நின்றதன் பலன் இது.

நாம் செய்ய வேண்டியதும் அதே காரியந்தான், நமது அளவில். ஒரு ஜீப்பில் போகிறவர்கள் ஒரு குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒரு நோட்டு. அதில் ஒவ்வொருவரின் ரத்த வகை, நிரந்தர நோய், காப்பீட்டு அட்டை இருக்கிறதா இல்லையா, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண். யாருக்கு அட்டை இல்லையோ அவருக்கு அட்டை வாங்கித் தருவது குழுவின் முதல் வேலை. வாரம் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டால், ஆஸ்பத்திரியில் படுப்பவருக்கும் துணையிருப்பவருக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஆகும். துணையிருக்க முறை வைத்துக்கொண்டால் ஒரே வீட்டின் கூலி முழுதும் போகாது. ஒரு பெண் தேறி வருகிற வரையில் அவள் பிள்ளைகளுக்குச் சோறு போட நான்கு வீடுகள் இருந்தால், அவள் பத்தாம் நாள் ஜீப்பில் ஏற மாட்டாள்.

இது நமக்குப் புதிதல்ல. சாலை இல்லாத மலைக்குடிகளிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருகிற தோள்கள் இந்தச் சரிவில்தான் இருக்கின்றன. 2018 மார்ச் 11-ல் குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டபோது, மலையேற வந்திருந்த முன்பின் தெரியாதவர்களை மீட்க ஓடியவர்களில் அந்த மலையடிவாரத்து மக்கள் இருந்தார்கள். அந்நியருக்கு அன்று ஓடிய கால்கள், அடுத்த வீட்டுக்காரிக்கு ஓடத் தயங்குமா?

சாலை வேண்டும், மலைமேல் டாக்டர் வேண்டும், நோயுற்ற நாளுக்குக் கூலி வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டேதான் இருப்போம். அவை கிடைக்கும் வரையில் கைகட்டி உட்கார்ந்திருக்க நோய் நம்மை விடாது. ஆகையால் இந்த வாரமே தொடங்குங்கள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் காகிதங்களைத் தேடி எடுத்துத் துணிப்பையில் போடுங்கள். நாளைக் காலை ஜீப்பில் ஏறியதும் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்: “உன் அட்டை எங்கே? உன் ரத்த வகை என்ன? நீ தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிற வலி எது?” அவர் தயங்கினால், கூடப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.